சின்னம்மா ஏற்றிய படங்கள்

சின்னம்மாவின் கைப்பேசியில் ஒருநாளும் இடம் இருந்ததில்லை. எப்போது வாங்கிப் பார்த்தாலும் நினைவகம் நிறைந்துவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் நிற்கும். வேலை பார்க்கும் பாசிர் பெனம்பாங் உணவகத்தில், இறால் உரித்த விரலால் அதைத் தள்ளிவிட்டு அடுத்த படத்தை எடுப்பார். எங்கள் தோட்டம் விற்கப்பட்டு, தொழிலாளர் லயங்கள் இடிக்கப்பட்டு, நாங்கள் ஆளுக்கொரு தாமான் குடியிருப்புக்குச் சிதறிய பிறகு, விடுமுறை நாள்களில் பஸ் ஏறிப் பழைய தோட்டத்தாரைத் தேடிப் போவார். ஆல்பத்தைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு படத்தையும் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் தேடியது ஒரே ஒரு முகத்தை. அவருடைய ஒரே மகள் ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டில் அவள் படம் ஒன்றுகூட இல்லை. அசாம் ஜாவா என்ற ஊரில், தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர் வீட்டு ஆல்பத்தில் அது கிடைத்தது. பள்ளி விளையாட்டுப் போட்டியில் மூன்றாம் பரிசாக வாங்கிய தண்ணீர்ப் புட்டியோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். அன்று எனக்குப் போன் செய்து அழுதார்.

நான் கணினி நிரல் எழுதுகிறவன். சொந்தக் கணினி என்று பெயர் வைத்துவிட்டு, அதில் நமக்குச் சொந்தமாக எதையுமே விட்டுவைக்கவில்லை என்று கல்யாண வீடுகளில்கூடப் பேசி உறவினர்களை விரட்டியிருக்கிறேன். நம் படமும் பேச்சும் யாரோ ஒரு நிறுவனத்தின் கிடங்கில் ஏன் கிடக்க வேண்டும், நம் வீட்டிலேயே நமக்கென்று ஒரு தளம் நடத்தலாமே என்பது என் கட்சி. அதற்காகவே சுங்கை புரோங் வீட்டில், மேசைக்கடியில் ஒரு பழைய கணினியை ஓயாமல் ஓடவிட்டிருந்தேன். தோட்டத்தார் எல்லாரும் அதில் வந்து பேச வேண்டும், படம் போட வேண்டும் என்பது கனவு.

முதலில் வந்தவர் சின்னம்மாதான். "தம்பி, இந்தப் படத்தையெல்லாம் ஒன் பொட்டியில போட்டு வை லா," என்றார். வேலை இன்னும் முடியவில்லை, பொறுங்கள் என்றேன். கைப்பேசியில் ஒரு வயரைச் சொருகிப் படங்களை இறக்கிவைப்பது பத்து நிமிட வேலை. நானோ கடவுச்சொல், பின்னூட்டம், பக்க அழகு என்று இழைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தீபாவளி பொறுத்தார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணின் உதவியோடு, ஊரே கூடியிருக்கும் அந்தப் பெரிய தளத்தில் கணக்குத் திறந்து எல்லாப் படங்களையும் ஏற்றினார். ஏற்றியவுடன் கைப்பேசியில் இருந்தவற்றை அழித்தும்விட்டார். கேள்விப்பட்டு நான் கத்தினேன். "எல்லாரும் அங்கதானே இருக்காங்க? நீ மட்டுந்தான் ஒன் பொட்டியில இருக்க," என்றார். அப்போதாவது ஒரு பிரதி எடுத்து வைத்திருக்கலாம். முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கணக்கைக் குட்டியம்மா என்ற பெயரில் திறந்திருந்தார். தோட்டத்தில் அடையாள அட்டைப் பெயரைச் சொன்னால் யாருக்கு யாரைத் தெரியும்? கூப்பிடும் பெயரைப் போட்டால்தான் தேடி வருவார்கள். வந்தார்கள்தான். ஆனால் ஒருநாள் அந்தத் தளம் கணக்கைப் பூட்டிவிட்டு, நீங்கள் யாரென்று நிரூபியுங்கள் என்றது. அட்டையில் இருந்ததோ வேறு பெயர். மூன்று முறை விளக்கம் எழுதினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மூன்று முறையும் ஒரே பதில் வந்தது, மனிதர் எழுதியதாகத் தெரியவில்லை. பிறகு படங்களோடு சேர்ந்து கணக்கே இல்லாமல் போனது. யாராவது எடுத்து வைத்திருக்கிறார்களா என்று தோட்டத்தாரிடம் கேட்டோம். எல்லாரும் படத்தைப் பார்த்து, இதயம் போட்டு, நகர்ந்திருந்தார்கள். மண்டோர் வீட்டில், அடுக்குமாடிக்கு மாறும்போது பழைய ஆல்பங்களைக் கழித்துவிட்டார்களாம். உங்களிடம்தான் படம் இருக்கிறதே என்று நினைத்தார்களாம்.

அந்த நிறுவனத்தின்மேல் எனக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அந்தப் படம் எங்கோ ஓர் இயந்திரத்தில் இன்னும் கிடக்கலாம், கேட்க ஓர் ஆள் இல்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காதவன் நான். உபதேசம் ஊருக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

தளம் இப்போது தயார். சென்ற மாதம் சின்னம்மாவை உட்காரவைத்துக் காட்டினேன். இது நம்முடையது, யாரும் பூட்ட முடியாது, எந்தப் பெயரிலும் வரலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். படம் ஏற்றும் இடத்தையும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் செஞ்சிருக்க தம்பி," என்றார். "இப்ப இதுல எதைப் போடுறது?"