வேகாத களி

மக்காச்சோள மாவு வேகிற வாசம் எங்கே வந்தாலும், பொன்னமராவதியில் இன்று பஸ் நிற்கிற இடத்தில் அன்றிருந்த அடுப்படிக்குள் போய்விடுகிறேன். ஆனி மாதத்தில் அதிசயமாய் வந்த குளிர், ஓட்டிலிருந்து சொட்டும் மழை, சலவைக்கல் பதிக்க வந்த இத்தாலிக்காரரின் மனைவி மரியம்மா தன் ஊர்க் களியை ஓயாமல் கிண்டுகிற சத்தம். இத்தாலிக்காரர் காலித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் ஏட்டையா, உதவிக்கு வந்திருந்த என் ஆத்தாவிடம் சொன்னார்: “இவுக நாடு வெள்ளைக்காரனோட சண்டைக்கு எறங்கிருச்சு தாயி. சாப்பிட்டதும் இவர கைதி முகாமுக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

களி இறுகும்போதெல்லாம் மரியம்மா தண்ணீர் ஊற்றினாள்.

“இன்னுமா வேகல?” ஏட்டையா வாசலிலிருந்து கேட்டார்.

“இந்தா ஆச்சுங்க” என்ற ஆத்தா, எரிகிற விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தாள்.