என் சேவலும் என் ஓரகத்தியும்

இலத்தூரில் எங்களுக்கு ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் பிள்ளைகளும். இன்னொன்றில் கொழுந்தன் மனைவி, அதாவது என் ஓரகத்தி. கொழுந்தன் பட்டாளத்தில் இருக்கிறார், லீவுக்குத்தான் வருவார். புறவாசல் இரண்டு வீட்டுக்கும் பொது. முருங்கை மரம் பொது, துணி காயப்போடும் கொடி பொது, நாயும் பொது.

பொது என்று பேர்தான். சிப்பிப்பாறை நாய், கொழுந்தன் குட்டியாகத் தூக்கிவந்தது. அதற்குச் சோறு வைப்பது முக்கால்வாசி நாள் நான். ஞாயிற்றுக்கிழமை எலும்பும் என் வீட்டிலிருந்துதான் போகும். தின்று முடித்து வாயை நக்கிக்கொண்டே நேராக ஓரகத்தியின் கோழிக்கூட்டு வாசலில் போய்ப் படுத்துவிடும். கூப்பிட்டால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும். "தின்னுதது இங்கன, காவலு அங்கனயா? வெக்கங்கெட்ட நாயே!" என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். அது படுத்தபடியே வாலை ஆட்டும். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

அவள் வளர்ப்பது கிளிமூக்குச் சேவல். சண்டைக்கு விடுவதல்ல, அழகுக்கு வளர்ப்பது. கிளிக்கு இருப்பதுபோல மூக்கு குட்டையாக வளைந்திருக்க வேண்டும், கண் வெளுத்திருக்க வேண்டும், வால் விசிறி மாதிரி விரிந்து நீண்டு தொங்க வேண்டும். அதற்கென்று கண்காட்சிகள் நடக்கும். அவள் போன இடத்திலெல்லாம் கப் வாங்கி வந்தாள். டிவி பக்கத்தில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே புறவாசலுக்குச் சேவல் பார்க்கப் போவார்கள். அப்புறம் அவள் வீட்டிலேயே சாப்பாடு. அவள் வைக்கிற சொதிக் குழம்புக்கும் பேர், வளர்க்கிற சேவலுக்கும் பேர். நான் மூத்தவள், அந்த வீட்டுக்கு முதலில் வந்தவள். நான் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு எல்லாரும் அவளைத்தான் புகழ்ந்தார்கள்.

பார்த்தேன். நானும் ஒரு சேவல் வளர்த்து, அவள் சேவலை ஜெயித்து, அவள் மூஞ்சி ஒரு நாளாவது சுருங்குவதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். அவளிடம் கேட்டால் நல்ல குஞ்சாகப் பார்த்து அவளே கொடுத்திருப்பாள். கேட்க எனக்கு வாய் வரவில்லை. பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணாச்சி ஒருவர் இந்த வகை வளர்க்கிறார் என்று தெரிந்து, வீட்டுக்காரரை விரட்டி ஒரு குஞ்சு வாங்கிவரச் செய்தேன். கம்பும் அவித்த முட்டையும் கொடுத்து வளர்த்தேன். வளர வளர என் கண்ணையே என்னால் நம்ப முடியவில்லை. அப்படி ஒரு மூக்கு, அப்படி ஒரு வால். அவளுடையதைவிட அழகு, சாமி சத்தியமாகச் சொல்கிறேன்.

உடனே பயம் வந்துவிட்டது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது. தினமும் பத்தடி தூரத்தில் நடமாடுகிறவள், சேவல் நுணுக்கம் தெரிந்தவள், அவள் பார்வை சும்மா இருக்குமா? கூட்டைச் சுற்றி நாலு பக்கமும் சாக்கு கட்டித் தொங்கவிட்டேன். தீனி வைக்கக் கையை மட்டும் உள்ளே விடுவேன். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும் சத்தம் போடுவேன். "ஏட்டி, சேவலா வளக்க, புதையலா வச்சிருக்க?" என்று கேட்டுச் சிரிப்பார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நாய் மட்டும் மூக்கால் சாக்கை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். அதை நான் தடுக்கவில்லை. கடைசியில் என் கூட்டையும் தேடி வந்ததே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நாயின் காதில் இருக்கும் உண்ணியைச் சேவல் கொத்தித் தின்னும். நாய் கண்ணை மூடிக்கொண்டு காட்டும். நாய் வந்தாலே சேவல் கழுத்தை நிமிர்த்தி, வாலை விரித்து ஒரு கூவல் கூவும், அடுத்த வீட்டுக்கும் கேட்கும்.

தை மாதம், ஐயப்பசாமிமார் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபத்துத் திடலில் கண்காட்சி நடந்தது. ஒரு பக்கம் சேவல், ஒரு பக்கம் நாட்டு நாய். ஒரே வேனில் போனோம். அவள் தன் சேவலோடு நாயையும் கூட்டிவந்தாள். நாய்ப் போட்டியிலும் அவளே நிற்பாளாம். நான் போட்ட எலும்பெல்லாம் அவளுக்குக் கப்பாக மாறப்போகிறது என்று நினைத்து வழி முழுக்க நாய்க்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தேன்.

அங்கே போய்க் கூண்டில் விட்டதும் என் சேவல் மூலையில் போய் ஒடுங்கிவிட்டது. வால் அடியில் மடங்கிக் கிடக்கிறது, தலை நெஞ்சுக்குள் இருக்கிறது. சுற்றிலும் ஆட்கள், செல்போன், மைக் சத்தம். "எந்திரிலே, எந்திரி ராசா" என்று கெஞ்சினேன். அசையவில்லை. நடுவர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள்.

ஓரகத்தி வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னக்கா, பம்மிட்டான்?"

"தெரியலட்டி."

"ஆளையே காங்காம வளந்தவன்லா. என் கண்ணு பட்டுரும்னு சாக்கைக் கட்டி மறைச்சிய, இப்பம் எல்லார் கண்ணையும் கண்டு மிரளுதான்" என்று சிரித்தாள். குத்தல் இல்லாத சிரிப்பு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எல்லாம் தெரிந்தும் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

"இருங்கக்கா, வாரேன்" என்று ஓடினாள். திரும்பி வந்தபோது நாயைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கம் மைக்கில் அவள் பேரைக் கூப்பிடுகிறார்கள்.

"ஏட்டி, நாய்க்கு முறை வந்துட்டு. போ!"

"கூப்பிடட்டும். அது அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

"நாயை இங்கன கொண்டு வரக்கூடாதும்மா" என்று யாரோ அதட்டினார். "ஒரு நிமிசம் அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே நாயின் மூக்கைக் கூண்டுக் கம்பியில் வைத்தாள். என் சேவல் தலையைத் தூக்கியது. எழுந்து உடம்பை ஒரு உதறு உதறி, கழுத்தை நிமிர்த்தி, வாலை விரித்துக் கூவியது. நடுவர்கள் நின்றுவிட்டார்கள். மூக்கைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு முதல் பரிசு. அவளுக்கு இரண்டாவது.

கப்பை வாங்கிய கையோடு அவள் முகத்தைத்தான் தேடினேன். கூட்டத்திலேயே பெரிதாகக் கை தட்டிக்கொண்டிருந்தவள் அவள்தான். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு வாட்டம் இல்லை. அட, கொஞ்சமாவது வயிறு எரியக்கூடாதா? நல்லவளாக இருப்பதற்கு ஒரு போட்டி வைத்தால் அதிலும் இவளே முதலில் வருவாள்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டாள். "அக்கா, உங்க சேவலை என் பெட்டைகளோட கொஞ்ச நாள் விடுதியளா? அந்த மூக்கு நம்ம வளவுலயே நிக்கட்டும்."

சேவல் வளர்ப்பவர்களுக்குள் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அடுத்தவர் சேவலின் வாரிசைக் கேட்பது, என்னுடையதைவிட உன்னுடையது உசத்தி என்று ஒத்துக்கொள்வதுதான். வந்த நாளிலிருந்து என்னிடம் எதையுமே கேட்காதவள் கேட்டுவிட்டாள்! உள்ளுக்குள் குளிர்ந்துபோனது. உடனே சரி என்று சொன்னால் மதிப்பு என்ன? ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு "பாப்போம்" என்றேன்.

"சரிக்கா" என்றாள்.

மறுநாள் காலையில் துணி காயப்போட வந்தாள். நானும் வேலையில்லாமல் கொடிப் பக்கம் போய் நின்றேன். தோசை மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது என்று சொன்னாள். அதற்கடுத்த நாள் பிள்ளைகள் பரீட்சையைப் பற்றிப் பேசினாள். சேவலை அவள் கண்ணில் படுகிற மாதிரி கொண்டுவந்து விட்டேன், "நல்லா மேயுதான்" என்றாள். ஒரு வாரம் கழித்து, பெட்டைகளோடு விடுவதற்கென்று செங்கோட்டையிலிருந்து கூடையில் ஒரு சேவல் வந்து அவள் கூட்டில் இறங்கியது.

இப்போது அந்தச் சேவலின் குஞ்சுகள் புறவாசல் முழுக்க ஓடுகின்றன. நல்ல மூக்குத்தான், இல்லையென்று சொல்லவில்லை. நாய் அவற்றுக்கு நடுவில் படுத்துக் கிடக்கிறது. "பாப்போம்" என்றால் மாட்டேன் என்றா அர்த்தம்? இன்னொரு தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவாள்? கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.