ஓரக்கண் பாக்கியநாதன்

பேசும்போது அவர் உங்கள் காதைப் பார்ப்பார். இடது காதைப் பார்த்தே நலம் விசாரித்து, இடது காதைப் பார்த்தே சிரித்து, விடைபெறும்போது உங்கள் தோளுக்கு மேலே சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துத் தலையசைப்பார். புதிதாகச் சந்திப்பவர்கள், பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திடுக்கிட்டுத் திரும்புவார்கள். பால் பூத்துப் பெண் ஒருமுறை தன் கம்மல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அது ஒரு வித்தை பாப்பா," என்பார் என்னிடம். "மங்கலா ஒரு நட்சத்திரம் கீதுன்னு வெச்சிக்கோ. அத்த நேரா பாத்தா ஓடிப்பூடும். பக்கத்துல எங்கியோ பாக்கற மாதிரி பாக்கணும். அப்ப தானா வந்து நிக்கும், பூனை மாதிரி."

வித்தை உண்மைதான். வானத்தைப் பார்க்கும் பழக்கமுள்ள எல்லோருக்கும் தெரிந்தது. இருட்டில் கண்ணின் நடுப்பகுதியைவிட ஓரம் நன்றாகப் பார்க்கும். பட்டப்பகலில், பால் பூத்து வாசலில், அந்த வித்தை எதற்கு என்று நான் கேட்டதில்லை. பழகிப் போய்விட்டது என்று எல்லோரையும் போல நானும் எண்ணிக்கொண்டேன்.

பாக்கியநாதனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் கிரேன் ஆபரேட்டர். கொட்டகையின் ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்குப் போடப்பட்ட இரும்புப் பாலம், அதில் தொங்குகிற கண்ணாடிக் கூண்டு, அதற்குள் அவர். ஏணியில் கால் வைக்குமுன் சிலுவை போட்டுக்கொள்வார். தண்ணீர் பாட்டில், சர்க்கரை நோய் மாத்திரை, ஒரு பழைய துண்டு. மேலே கொண்டுபோவது அவ்வளவுதான்.

கீழே தளத்தில் கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டி, கையால் சைகை காட்டுபவர் என் அப்பா தானியேல். அந்தச் சைகையைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர் தூக்குவார், நகர்த்துவார், இறக்குவார். ஆலைச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. இருபது வருஷத்துக்குப் பக்கமாக இருவருக்கும் நடுவே விரல்கள்தான் பேசிக்கொண்டிருக்கின்றன.

"உங்கப்பன் தோளு அசைஞ்சாலே போதும், இன்னா சொல்றான்னு தெரிஞ்சிடும்," என்று என் காதைப் பார்த்துப் பெருமையடிப்பார்.

கொஞ்ச நாளாக அப்பாவின் கை பெரிதாகிவிட்டது. ஒரு விரலால் காட்ட வேண்டியதை முழுக் கையையும் வீசிக் காட்டுகிறார். "சின்னதா காட்டாதய்யா, தூசு மறைக்குது, பெருசா காட்டு" என்று ஷிப்ட் முடிந்து இறங்கிவந்த பாக்கியநாதனின் உத்தரவாம். வீட்டுக்கும் அது வந்துவிட்டது. சாம்பார் போதும் என்பதற்கு இரண்டு கைகளையும் குறுக்கே வீசுவார். அம்மா கரண்டியோடு பின்வாங்கி, "இன்னா, ரயிலையா நிறுத்துற?" என்பாள்.

பாக்கியநாதனுக்கு நட்சத்திரம் கூரையிலிருந்து கிடைத்தது. ஒரு புயலில் கொட்டகைத் தகரம் ஒன்று பறந்துபோனது. மாற்றுவதற்கு மாதங்கள் ஆயின. இரவு ஷிப்ட்டில் வேலை இல்லாத நேரங்களில், அந்த ஓட்டையின் ஒரு பக்கத்தில் வெளிச்சப்புள்ளி ஒன்று நுழைந்து, மெல்ல நகர்ந்து, மறுபக்கம் போவதைக் கூண்டிலிருந்து பார்த்திருக்கிறார். "இன்னாடா இது, எனக்கும் மேல ஒரு கிரேன் ஓடுதேன்னு தோணிச்சி," என்பார். தகரம் போட்ட பிறகு வீட்டு மொட்டைமாடிக்கு மாறினார். சென்னையில் யாரோ விற்ற பழைய தொலைநோக்கி ஒன்று வந்தது. அதற்காகத் துணிக்கொடியை இடம் மாற்ற வேண்டியிருந்ததை அவர் மனைவி ஷைனி அத்தை இன்னும் சொல்லிக் காட்டுவார்.

படம் எடுக்கும் ஆசை வந்தபோதுதான் தாங்கி தேவைப்பட்டது. வானம் நிற்பதில்லை. கேமரா சில நிமிஷம் திறந்திருந்தால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக இழுத்துக்கொள்ளும். வானம் திரும்புகிற வேகத்திலேயே தொலைநோக்கியையும் திருப்ப, மோட்டாரும் கம்ப்யூட்டரும் வைத்த ஒரு தாங்கி வேண்டும். கடைக்காரர்கள் அதை மவுன்ட் என்கிறார்கள். அதைப் பற்றிய விவரமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்ததால், படித்துத் தமிழில் சொல்லும் வேலை ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் என்னிடம் வந்தது.

தொலைநோக்கியைவிடத் தாங்கிக்கு விலை அதிகம் என்று நான் படித்ததும் ஷைனி அத்தை கீரை ஆய்வதை நிறுத்திவிட்டார்.

"குந்தறவன விட நாற்காலிக்கு டப்பு ஜாஸ்தியா? இது இன்னாய்யா அநியாயம்?"

"தூக்கறது பெருசு இல்ல ஷைனி. ஆடாம தூக்கணும். அதுக்குத்தான் டப்பு."

"உன்ன நான் ஆடாமதான் தூக்கிக்கினு கீறேன். எனக்கு யாரு குடுத்தா?"

அவர் ஷைனி அத்தையின் காதைப் பார்த்துச் சிரித்தார்.

தாங்கியில் இரண்டு வகை. ஒன்று, மேலும் கீழும், இடமும் வலமுமாக இரண்டு மோட்டார்களை ஓயாமல் ஓட்டி நட்சத்திரத்தைத் துரத்தும். மற்றது, அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகச் சாய்த்து வைத்துவிட்டால், ஒரே மோட்டாரில் வானத்தோடு சேர்ந்து சுற்றும். நான் படித்து முடிக்கக்கூட இல்லை.

"ரெண்டாவதுதான். நெடுக்கயும் குறுக்கயும் ஒண்ணா ஓட்டினா லோடு ஆடும் பாப்பா. புதுசா வர்றவன் பண்ற தப்பு அது. ஒரு மோட்டாரு, ஒரே ஓட்டம். அதான் சுத்தம்."

அந்த இரண்டாம் வகையிலும் இரண்டு இருந்தன. ஒன்றில், அச்சுக்குள்ளே இருக்கும் சிறு குழாய் வழியாகத் துருவ நட்சத்திரத்தை நாமே கண்ணால் பார்த்துக் குறுக்குக்கோட்டில் நிறுத்த வேண்டும். இன்னொன்றில் அந்த வேலையைக் கேமராவே செய்து, எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று போனில் சொல்லிவிடும். இதைக் கேட்டு அவர் கேலி செய்தார். "கண்ணு கீற மனுசனுக்கு அது இன்னாத்துக்கு? சோறு ஊட்டி வுட ஆளு வெச்சிக்கற மாதிரி."

எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வாக, வடக்கே ஆலைப் புகைக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும். தேடிப் பிடிப்பது எளிதல்ல என்றேன். "அத்த புடிக்கறதுலதான் கிக்கே," என்றார். மாதக்கணக்கில் இதே பேச்சு.

ஒரு சனிக்கிழமை மதியம், ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் பேச என்று என்னையும் அழைத்துக்கொண்டு, பாரிமுனையில் ஒரு மாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் சந்திரமோகன் நல்ல தமிழே பேசினார். அவர் தாங்கியை ஜன்னலோரம் நிறுத்தி, அதன் அச்சைத் தூரத்துச் செல்போன் கோபுரத்தின் பக்கம் திருப்பினார்.

"இந்தச் சின்னக் குழாய்ல பாருங்கண்ணே. டவர் உச்சி குறுக்குக்கோட்டுல வருதா?"

பாக்கியநாதன் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். முகத்தைச் சற்றுத் திருப்பினார், மறுபடி நேராக்கினார். வெகுநேரம் பார்த்தார்.

"வருது சார். கரெக்டா நடுவுல நிக்குது. சூப்பரா கீது."

சந்திரமோகன் முன்பக்கம் போய்க் கையால் தடவிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணே, மூடியே இன்னும் கழட்டல. உங்களுக்கு எந்த டவர் தெரிஞ்சுது?"

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகப் பாக்கியநாதன் சிரித்தார். "ஆர்வக்கோளாறு சார்!"

என்னால் சிரிக்க முடியவில்லை. மூடிய குழாயில் பார்த்தவர் இருட்டாக இருக்கிறது என்றுதானே சொல்ல வேண்டும்? மூடிக்கும் கோபுரத்துக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணா இது? காது, காலண்டர், அப்பாவின் வீசும் கை, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கடைசியாக அப்பாவின் ஷூ. ஆலையில் போடுகிற, முனையில் இரும்பு வைத்த ஷூ. போன மாதம் ஒரு கம்பிக் கட்டு சாண் தூரம் தள்ளி இறங்கி, வலது முனையில் பள்ளம் விழுந்திருந்தது. இரும்பு இல்லையென்றால் விரல்கள் இல்லை. கிரேன் பிரேக் தேய்ந்துவிட்டது என்று பாக்கியநாதன் சொன்னார். பிரேக்கை மாற்றினார்கள்.

சந்திரமோகன் மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. அதிலிருந்து என்னால் பார்வையை எடுக்க முடியவில்லை.

"இது வேணாம் சார்," என்று பாக்கியநாதன் சொல்வது கேட்டது. "கேமராவே பாத்துக்கும்னு ஒண்ணு கீதாமே, அத்த குடுங்க."

திரும்பும் ரயிலில் பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே வைத்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்திப்பட்டு வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. மின் நிலையப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்குகள் ஏற்றப்பட்டிருந்தன.

"பாப்பா, அங்க லைட்டு எரியுதா?"

"எரியுது மாமா."

"நேரா பாத்தா எனக்கு எரியல. மூஞ்சிய இப்டி திருப்பினா எரியுது." திருப்பிக் காட்டினார். "ஒரு வருசத்துக்கு மேல ஆவுது. சுகரு. நடுவுல ஒரு புகை வந்து குந்திக்கினு எழுந்திரிக்க மாட்டேங்குது. வலது கண்ணுதான் மொதல்ல. அப்பால இதுவும்."

ஆலையில் வருஷாவருஷம் கண் பரிசோதனை உண்டே என்றேன்.

"டாக்டரு கம்ப்யூட்டர பாத்துக்கினு இருந்தாரு. நான் எழுத்த ஓரமா பாத்து படிச்சிட்டேன். நட்சத்திரம் கத்துக்குடுத்த வித்தை." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அப்பா கீழ நிக்கிறாரு மாமா."

"தெரியும். அவன் எங்க நிக்கறான்னு மட்டும் எனக்கு எப்பவும் தெரியும்."

"ஷூவுல பள்ளம் விழுந்திருக்கு."

"அது பிரேக்கு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

மீஞ்சூரில் கூட்டம் ஏறியது. பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார். "மேலேர்ந்து எறக்கிட்டாங்கன்னா கீழ தொடப்பம்தான் பாப்பா. இத்தினி வருசம் மேல குந்தினவன் கீழ இன்னா பண்ணுவான், சொல்லு." பொன்னேரி தாண்டிய பிறகு, ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "திங்கக்கெழம காலை ஷிப்டு," என்றார். "அதுக்குள்ள நானே சொல்லிடறேன். நீ வாயத் தொறக்காத."

அந்தத் தாங்கி எடுத்துக் கொடுத்த முதல் படத்தைப் பிற்பாடு நான் பார்த்தேன். வேட்டைக்காரன் நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே, ரோஜா நிறத்தில் ஒரு மேகம். சுற்றிலும் ஒரு நட்சத்திரம்கூடக் கோடாக இழுக்கவில்லை. அவர் அதைப் போனில் விரலால் பெரிதாக்கி, போனின் விளிம்பைப் பார்த்தபடி, "வந்து நிக்குது பாரு," என்றார்.

ஆனால் அது பிற்பாடு. அந்தச் சனிக்கிழமை, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து அவர் தன் வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே எங்கள் தெருவுக்கு வந்தார். அப்பா வாசல்படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா பாக்கியம், ஷைனிக்கு வாஷிங் மிஷினா?"

"தானியேலு, எனக்குக் கண்ணு தெரியல."

"யாருக்குய்யா தெரியுது? இந்தத் தெருவுல லைட்டு எரிஞ்சி ரெண்டு வாரம் ஆவுது."

"அத்த சொல்லலடா. ஒரு வருசமா உன் கை எனக்குத் தெரியல."

அப்பா இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பிரஷ் பிடித்த கை மட்டும் நின்றுவிட்டது. மற்றக் கையின் கட்டைவிரல் தானாகவே ஷூ முனைக்குப் போய், பள்ளத்தைக் கண்டுபிடித்து, அதிலேயே இருந்தது.

"அப்ப போன மாசம்?"

"பிரேக்கு நல்லாத்தான் இருந்துச்சி."

அம்மா கதவருகே வந்து நின்றாள். பிறகு அப்பா எழுந்தார். ஷூவைக் கீழே வைத்தார். எங்கள் வீட்டு டியூப்லைட் வெளிச்சம் விழும் இடத்தில், பாக்கியநாதனுக்கு நாலடி முன்னால் போய் நின்றுகொண்டு வலது கையைத் தன் முகத்துக்கு நேரே உயர்த்தினார். முழுக் கையும் வீசவில்லை. முன்பெல்லாம் காட்டுவது போல, ஆள்காட்டி விரலை மட்டும் மேலே நீட்டிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். மெதுவாகத் தூக்கு என்று அதற்கு அர்த்தம். எனக்கே தெரியும்.

"இது இன்னா? சொல்லுய்யா. இன்னா காட்றேன்? பாக்கியம், சொல்லேன்யா!"

அப்பாவின் குரலில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் இருந்தது.

பாக்கியநாதனின் பார்வை, பழக்கத்தில், அப்பாவின் காதுக்குப் போனது. அங்கேயிருந்து பார்த்தால் அந்த விரல் அவருக்குத் தெரிந்திருக்கும். சொல்லியும் இருப்பார். வாய்கூடத் திறந்தது.

பிறகு, ஆட்டமில்லாமல் லோடு இறக்குகிறவரைப் போல, பார்வையைக் காதிலிருந்து மெல்ல நகர்த்தி, அப்பாவின் முகத்துக்கு நேர் நடுவே, விரலும் முகமும் புகையில் மறைந்துவிடும் இடத்தில், கொண்டுவந்து நிறுத்தினார்.