குளவிப் புழு

குளவி கொட்டி என் அக்கா தேயிலைக் கொழுந்து பறித்த மலையிலேயே செத்தாள். கூட்டைக் கொளுத்தச் சொல்லி அவள் பலமுறை கேட்டும் தோட்ட நிர்வாகத்தில் யாரும் அசையவில்லை. அடக்கம் முடிந்ததும் நாங்களே கொளுத்தினோம். மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அப்போதுதான் வந்தார். வெந்து விழுந்த புழுக்களைக் காட்டி, "வீணாக்காதீங்கப்பா. அம்புட்டும் புரதம். இறைச்சி மாதிரி, ஒடம்புக்கு நல்லது" என்றார்.

நான் கை ஓங்கினேன். அக்காவின் மகள் என்னைத் தள்ளிவிட்டாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, புரதம் போதாதென்று கிளினிக்கில் திட்டு வாங்குபவள். குனிந்து புழுக்களைப் பொறுக்கினாள்.

"ஏய், அது ஒங்கம்மாவக் கொன்னதுடி!"

"தெரியும் மாமா. வயித்துல இருக்குறதுக்கு இறைச்சி நீங்க வாங்கித் தருவீங்களா?"

மென்று விழுங்கினாள். கண்டாக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த ஆள் சொன்னது உண்மை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.