மைக்கில் கூப்பிட்ட பிள்ளைகள்

என் தாய்மாமா கோயம்புத்தூரில் ஒரு மில் அணிக்காக வாலிபால் ஆடினார். அங்கே அவருக்குச் சம்பளமே ஆடுவதற்குத்தான். லீவில் கம்பத்துக்கு வந்தால் வீட்டில் தங்க மாட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் வலை கட்டி, ஊர்ப் பையன்களுக்கு ஆடச் சொல்லிக்கொடுப்பார். அவர் அடிக்கிற பந்தின் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று நான் ஒன்றாம் வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

அந்த வருஷம் மில் அணியையே கூட்டிக்கொண்டு வந்தார். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போன ஜீப் மலைப்பாதையில் கவிழ்ந்து, எங்கள் பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் இறந்திருந்தார்கள். அந்தக் குடும்பங்களுக்காக டிக்கெட் போட்டு, ஊர்ப் பையன்களோடு ஓர் ஆட்டம். மூவரில் ஒருத்தி என் அம்மா. அது எனக்குத் தெரியாது. அப்போது நான் பழனிசெட்டிபட்டியில் பெரியம்மா வீட்டில் இருந்தேன். ஆட்டத்துக்கு முதல் நாள்தான் ஊருக்குக் கூட்டிவந்தார்கள். "அம்மா எஸ்டேட்டுலயே தங்கி வேலை பாக்குது" என்றார் அப்பா. காய் எடுக்கும் காலத்தில் அம்மா அப்படித் தங்குவது வழக்கம்தான். ஆட்டம் முடிந்ததும் மாமாவே என்னிடம் பக்குவமாகச் சொல்வது என்று பெரியவர்கள் பேசிவைத்திருந்தது பின்னால்தான் தெரியவந்தது.

அப்பா என்னை மைதானத்துக்கு அழைத்துப்போக மறுத்தார். அழுது அடம்பிடித்தேன். உள்ளே நுழைந்ததுமே கமிட்டிக்காரர் ஒருவர் அப்பா கையிலிருந்து என்னை வாங்கி, முன்வரிசையில் வேறு ஐந்து பிள்ளைகளோடு நாற்காலியில் உட்காரவைத்தார். அப்பா மைதானத்து கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"விபத்தில் அன்னையை இழந்த இச்செல்வங்கள் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றது மைக். எல்லாம் புத்தகத்து வார்த்தைகள். எழுந்து நிற்கச் சொல்வது மட்டும் புரிந்தது. பரிசு தரப்போகிறார்கள் என்று நினைத்து முதல் ஆளாக எழுந்தேன். கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். மற்றப் பிள்ளைகள் அழுதார்கள். கூட்டத்தைக் கண்டு பயம் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் என் வகுப்புப் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கையாட்டினேன்.

இரண்டாவது செட் நடக்கும்போது மைக் மறுபடியும் கூப்பிட்டது. நான் எழுந்தேன். சர்வீஸ் போட நின்ற மாமா பந்தைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பிள்ளைகள எந்திரிக்கச் சொல்லாதீக அண்ணே. சனங்க ஆட்டம் பாக்க வந்திருக்காக, பிள்ளைகளப் பாக்க இல்ல."

"பாத்தாத்தான தம்பி இன்னும் நாலு பேரு குடுப்பாக?" என்றார் மைக்காரர்.

மாமா என் பக்கம் திரும்பினார். என் தோளை அழுத்தி, "உக்காரு ஆத்தா" என்றார். ஊரே பார்க்க என்னை உட்காரவைத்துவிட்டாரே என்று எனக்கு அவமானமாகிப் போனது.

அதற்குப் பிறகு மாமா அடித்த பந்தெல்லாம் கோட்டுக்கு வெளியே போனது. மில் அணி ஊர்ப் பையன்களிடம் தோற்றது. பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று ஊர் ரொம்ப நாள் பேசியது.

கூட்டம் கலைந்த பிறகு மாமா என் முன்னால் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பனியன் நனைந்திருந்தது.

"ஆத்தா, மாமா உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"எங்கூடப் பேசாதீக! அவுக நிக்கச் சொன்னாக, நீங்கதான் என்னைய உக்காரச் சொன்னீக. இருங்க, அம்மா வரட்டும். சொல்லிக்குடுக்குறேன்."

"சொல்லு ஆத்தா" என்றார் மாமா.

மில் வேனிலிருந்து அணிக்காரர்கள் அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்து, இரண்டு கையையும் மண்ணில் ஊன்றியபடியே இருந்தார். அம்மா பேரைச் சொன்னதும் இவ்வளவு பெரிய மாமா பயந்துபோய்விட்டாரே என்று, நான் திருப்தியோடு அப்பாவிடம் ஓடினேன்.