கூழக்காவின் குதிகால்கள்

பழ ஈ வளர்க்கும் ஆய்வுக்கூடத்தில் நான் புட்டி கழுவுகிறவள். ஈக்களுக்குச் சாப்பாடு கிண்டுகிறவளை எல்லோரும் கூழக்கா என்போம். சோளமாவும் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் பெரிய பானையில் கிண்டுவாள். புழு தின்னப்போகிற கூழை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிற மனுஷி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஈயின் புழு அரிசி அளவுதான். ஊரும்போது வாலில் தொடங்கும் சுருக்கம் தலைவரை ஓடும். புழு முன்னே போகும். ஒரு வகைப் புழுவுக்குக் கூழில் மருந்து கலந்து கொடுத்துச் சிவப்பு விளக்கைப் போட்டால், உள்ளே சில நரம்பு செல்கள் விழித்துக்கொண்டு அந்தச் சுருக்கத்தைத் திருப்பிவிடும். விளக்கு அணையும்வரை புழு பின்னாலேயே போகும். அதற்கு இஷ்டமா என்று யாரும் கேட்பதில்லை.

கூழக்கா அந்த மருந்துக் கூழையும் ருசி பார்த்திருந்தாள்.

வீட்டுக்காரரிடம் பட்டது போதும், மகளிடமே போய்விடலாம் என்று அவள் முடிவெடுத்திருந்த சமயம் அது. மகள் வீடு பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். பையோடு கிளம்புவாள், வண்டிகளுக்குச் சிவப்பு விழும், எல்லோரும் கடப்பார்கள், இவள் மட்டும் வீட்டுக்கே வந்துவிடுவாள். மருந்து வேலை செய்கிறது என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஒரு சாயங்காலம் கூடப் போனேன். சிவப்பு விழுந்தது. அவள் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர். ஒரு குதிகால் பின்னால் நகர்ந்தது. பிறகு மற்றது. என் சிரிப்பு அதோடு போயிற்று.

மறுநாள் ஆராய்ச்சி செய்யும் பெண்ணிடம் அவளை இழுத்துப்போனேன். நரம்பில் வெளிச்சம் உறைக்கும்படி வளர்த்த புழுக்களுக்குத்தான் அந்த மருந்தாம். பானையோடு குடித்தாலும் மனிதர் காலை அது திருப்பாதாம். பிறகு திரையில் ஒன்றைக் காட்டினாள். புழுவிலிருந்து தனியே எடுத்த நரம்புத் தண்டு. உடம்பே இல்லை. நரம்பு வேலை செய்வதைக் காட்டும் வெளிச்சம் அதில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடியது, மறுபடி மறுபடி. உடம்பு போன பிறகும் உள்ளே ஊர்ந்துகொண்டுதான் இருக்கிறது என்றாள்.

கூழக்கா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எங்க வீட்டு வாசல்ல ஒரு சிவப்பு பல்பு இருக்கு. அவர் வாயைத் திறந்து கூப்பிட மாட்டாரு. ஸ்விட்சைத் தட்டுவாரு. நான் எங்க நின்னாலும், கையில இருக்கறதைப் போட்டுட்டுத் திரும்பிடணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

மருந்தாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே பையை எடுத்தாள். மகளைச் சாலைக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கச் சொல்லியிருந்தோம். சாலையோரம் வந்ததும் கூழக்கா மகளுக்கு முதுகைக் காட்டி, தன் வீடு இருக்கும் திசையைப் பார்த்து நின்றாள். என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்க வாயெடுத்தேன்.

"தோளைப் பிடிச்சுக்கோ. எதுலயும் இடிச்சுக்காம பாத்துக்கோ," என்றாள்.

எதிரே கடைக் கண்ணாடியில் சாலை விளக்கின் சிவப்பு தெரிந்தது. குதிகால் பின்னால் நகர்ந்தது. பிறகு மற்றது. சாலையின் வெள்ளைக் கோடுகள் ஒவ்வொன்றாக அவள் காலடியிலிருந்து வெளியே வந்தன. நின்றிருந்த வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கக்கூட மறந்து பார்த்தார்கள்.

மகள் கையை நீட்டி அம்மாவின் முதுகைப் பிடித்தாள். கூழக்கா இன்னமும் வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு பச்சையான பிறகுதான் கால் நின்றது.