பேஸ் கிட்டாரில் பாதிப் பொட்டு

1. இரண்டு பேர், ஒரே நிபந்தனை

பள்ளிப்பட்டு லோகநாதன் பேஸ் கிட்டாரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். வைத்தாரே தவிர, அதைச் சுற்றியிருந்த போர்வையிலிருந்து கையை எடுக்கவில்லை.

“இத்தோட வெல மட்டும் சொல்லுங்க சார். ஆனா என் தம்பி கேட்டா சொல்லாதீங்க.”

சரி என்று தலையாட்டினேன். அன்று காலையில்தான் அந்தத் தம்பி தாமோதரன் அரக்கோணத்திலிருந்து போன் செய்து, அண்ணன் கேட்டால் விலையைச் சொல்லாதீங்க மாஸ்டர் என்றிருந்தார். அதற்கும் சரி என்றுதான் சொல்லியிருந்தேன்.

திருத்தணியில் ஸ்டேஷன் பக்கம் எனக்குக் கடை. ஆம்ப்ளிஃபயர், மைக், கிட்டார் ரிப்பேர். யாரிடமும் உட்கார்ந்து கற்றதில்லை, கெட்டுப்போய் வந்ததையெல்லாம் கழற்றிப் பார்த்துப் பழகியதுதான். ஆடிக் கிருத்திகைக்கு வாசிக்க வருகிற ஆர்க்கெஸ்ட்ராக்காரர்களால் பழைய பேஸ்கள் என் கைக்கு வர ஆரம்பித்தன. பிறகு சென்னையில் பழைய கருவிகளைச் சேர்க்கிறவர்கள், வாங்குவதற்கு முன்னால் என்னிடம் காட்டி விலை கேட்கத் தொடங்கினார்கள். பக்கத்து டீக்கடைக்காரர் அவர்களிடம், “நாலு கம்பிக்கு ஜாதகம் பாக்கறவரா? தோ, அங்க இருக்காரு” என்று கை காட்டுவார். எனக்கு யாரும் கொடுத்ததில் பிடித்த பட்டம் அதுதான்.

லோகநாதனின் அப்பா வாரத்தில் ஐந்து நாள் தறி ஓட்டினார், மற்ற இரண்டு நாள் ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் வாசித்தார். அரக்கோணத்தில் ரயில் டிரைவராக இருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன ஒருவரிடம் வாங்கிய பேஸ் அது. அமெரிக்காவில் எழுபதுகளில் செய்தது. அப்பா காலமான பிறகு பாகம் பிரிக்கிற பேச்சு வந்தது. வீடு அம்மா பெயரில். பிரிக்க மிஞ்சியது இரண்டு பவர்லூமும் இந்த பேஸும்தான். தறிகளுக்கு ஒரு தரகர் மூன்று லட்சம் என்று சொல்லிவிட்டார். பேஸுக்கு நான் சொல்ல வேண்டும். அதை வைத்து, யார் எதை எடுத்துக்கொண்டு யாருக்கு மீதியைக் கொடுப்பது என்று முடிவாகும். நான் ஒரு எண்ணைத் தப்பாகச் சொன்னால் அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்க மாட்டார்கள். சரியாகச் சொன்னாலும் அது நடக்கலாம் என்று தோன்றியது.

லோகநாதன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். இதே கம்பெனி பேஸ், பதினெட்டு லட்சம்.

“தம்பிய கேட்டா ‘அது வெறும் பலகதாண்ணா’ன்றான். பலகன்னா, எதுக்கு சார் அத்தயே கேட்டுகினு கெடக்கறான்?”

படத்தில் இருந்தது இதைவிடப் பத்து வருஷமாவது பழையது, அபூர்வமான கலர். தவிர, அது ஒருவர் கேட்கிற விலை. யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், கைமாறின விலைதான் விலை. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் முதலில் கற்க வேண்டியது இதுதான். லோகநாதன் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியவில்லை. என் போன் மணி அடித்தபோதெல்லாம், பேசுவது யார் என்று எட்டிப் பார்த்தார்.

2. உள்ளே இருந்தது

பழைய பேஸ் வந்தால் நான் வாசித்துப் பார்ப்பதில்லை. நல்ல சத்தம் நம்மை மயக்கிவிடும். முதலில் ஸ்குரூ டிரைவர்தான். நீளக் கழுத்தான நெக்கைக் கழற்றினால் அடியில் கம்பெனி தேதி இருக்கும். கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜை எடுத்தால், வெயில் படாத பழைய பெயின்ட் தெரியும். வால்யூம் குமிழுக்கு அடியில் ‘பாட்’ என்று ஒரு சாமான், அதன் முதுகில் ஒரு எண் இருக்கும், அதிலிருந்து வருஷம் பிடிக்கலாம். எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும்.

ஏமாற்று வேலை பலவிதம் பார்த்திருக்கிறேன். புது பிளாஸ்டிக்கை டீ டிகாக்‌ஷனில் ஊறப்போட்டு மஞ்சளாக்குவார்கள். ஸ்குரூவை உப்புத் தண்ணீரில் போட்டுத் துரு ஏற்றுவார்கள். ஒருவர் கிட்டாரின் உடம்பு முழுக்க உப்புத்தாள் தேய்த்துக் கொண்டுவந்து, எங்க தாத்தா வாசிச்சதுங்க என்றார். தாத்தா வாசித்தாரா, தரையில் இழுத்துக்கொண்டு போனாரா என்று கேட்டேன்.

லோகநாதன் கொண்டுவந்த பேஸில் நெக் சரி, பெயின்ட் சரி, பிரிட்ஜ் சரி. கம்பிகளுக்குக் கீழே இருக்கிற பிளாஸ்டிக் பிளேட்டைக் கழற்றினேன். அங்கேதான் இடித்தது. பிளேட் பழசுதான், ஆனால் இந்த பேஸுடையது இல்லை. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்பும், வால்யூம் ‘பாட்’களும் ஏதோ மலிவான காப்பி கிட்டாரில் இருந்து வந்தவை. ஈயம் பளபளவென்று இருந்தது. சால்டரிங் வைத்து மாதம்கூட ஆகியிருக்காது.

எல்லாம் அதன் சொந்தச் சாமானாக இருந்தால் என் கணக்கில் மூன்று லட்சம் போகும். இந்த நிலைமையில் ஒன்றே முக்கால்.

முதலில் எனக்கு லோகநாதன்மேல்தான் சந்தேகம். உள் சாமானைத் தனியாகச் சென்னையில் விற்றுவிட்டு மிச்சத்தைப் பாகத்துக்குக் கொண்டுவந்துவிட்டாரோ? பேஸ் யாரிடம் இருந்தது என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

“அம்மா ரூம்ல, கட்டிலுக்கு அடியிலதான் சார். நடுவுல ஒரு ரிசப்ஷன்ல வாசிக்கணும்னு தம்பி எடுத்துகினு போய்ட்டு, மறுநாளே குடுத்துட்டான்.”

அப்போதுதான் அந்தக் கறையைக் கவனித்தேன். பிளேட் இருந்த இடத்தின் விளிம்பை ஒட்டி, பெயின்ட்டில் சிவப்பாக ஒரு அரை வட்டம். விரலால் தேய்த்தேன், போகவில்லை.

“அது அம்மா வெக்கற பொட்டு. ஆயுத பூஜைக்குத் தறிக்கு வெச்சுட்டு அப்டியே இத்துக்கும் வெப்பாங்க. எப்பவும் அதே எடத்துலதான்.”

வருஷா வருஷம் சந்தனமும் குங்குமமும் ஒரே இடத்தில் பட்டால் பெயின்ட்டில் ஏறிவிடும், பிளாஸ்டிக்கிலும் ஏறும். பாதிப் பொட்டு மரத்தில் இருக்கிறது. மீதிப் பாதி பிளேட்டில் இருந்திருக்க வேண்டும். மேஜைமேல் கிடந்த பிளேட்டில் ஒரு புள்ளிகூட இல்லை.

மாற்றியது தம்பிதான். இத்தனை வருஷமும் விலையை ஏற்றச் செய்த தில்லுமுல்லுகளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். விலையை இறக்கிவிட்டு, பாகம் முடிந்ததும் எடுத்த சாமானைத் திரும்ப மாட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் நினைப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

3. முதலில் எடுப்பது யார்?

அண்ணனிடம் அதைச் சொன்னால் அன்றே கைகலப்பு. சொல்லாமல் ஒன்றே முக்கால் என்று எழுதிக் கொடுத்தால் தம்பியின் கூட்டாளி நான். விலையை இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் சொல்வேன் என்று இரண்டு பேருக்கும் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். ஆளுக்கொரு ஸ்டூலில், ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். இப்போது மேஜைமேல் இருக்கிறபடி இதன் விலை ஒன்றே முக்கால் லட்சம் என்றேன். தாமோதரன் மெதுவாக மூச்சு விட்டார். லோகநாதன் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். உனக்கு எவ்வளவு கொடுத்தான் என்று அந்தப் பார்வை கேட்டது.

எங்கள் பக்கம் பாகத்தில் கூறு போடுகிறவர் ஒருவர், முதலில் எடுக்கிறவர் இன்னொருவர். அதை நினைத்துத்தான் அடுத்ததைச் சொன்னேன். தறிக்கும் விலை இருக்கிறது, பேஸுக்கும் விலை இருக்கிறது. இந்த விலைக்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரியவர் முதலில் சொல்லட்டும்.

லோகநாதன் யோசிக்கவே இல்லை. “அப்ப பேஸ் எனுக்கு. தறிய அவன் வெச்சிக்கட்டும்.”

“உனுக்கு எதுக்குண்ணா அது?”

“பலகதானடா? துணி காயப் போட்டுக்கறேன்.”

தாமோதரன் பேஸைப் பார்த்தார். பிளேட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து, ஒரு மணி நேரம் பொறுங்க மாஸ்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார். அரக்கோணம் பக்கம் போனார்.

டீ சொன்னேன். லோகநாதன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “எனுக்கு இத்துல ஒரு சத்தங்கூட எழுப்பத் தெரியாது சார். அவன் மூஞ்சி எப்டிப் போவுதுன்னு பாக்கணும், அதான்” என்றார்.

தம்பி திரும்பி வந்து ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே பழைய பிளேட், பிக்கப், வால்யூம் ‘பாட்’கள், ஒரு ஸ்குரூகூடக் குறையாமல். சால்டரிங் அயனைச் சூடு வைத்து, அதனதன் இடத்தில் மாட்டினேன். கடைசி ஸ்குரூவைத் திருகியதும் மரத்தில் இருந்த அரை வட்டமும் பிளேட்டில் இருந்ததும் சேர்ந்து முழுப் பொட்டாயின.

லோகநாதன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தறி மூணு இல்லடா. நாலுக்குப் போவும். தரகர நான்தான் கொறச்சி சொல்லச் சொன்னேன்.”

“தெரியும்ணா.”

“தெரியுமா?”

“அதனாலதான் நானும் இத்தக் கழட்டுனேன்.”

“நைனா இருந்திருந்தா ரெண்டு பேருக்கும் கன்னத்துல ஒண்ணு வெச்சிருப்பாரு” என்றார் லோகநாதன். தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தார்.

பேஸ் மூன்று லட்சம் என்று சொன்னேன். தம்பி பேஸ் எடுத்தார், அண்ணன் தறி எடுத்தார். தறியில் இருந்த அதிகத்துக்கு, அதுவரை யாரும் கணக்கில் சேர்க்காத அப்பாவின் பழைய பேஸ் ஆம்ப்ளிஃபயரையும் தம்பிக்கே கொடுப்பதாக அண்ணன் சொன்னார். ஆம்ப்ளிஃபயருக்கு என்னிடம் யாரும் விலை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

4. இப்போது நான் கேட்பது

அந்த இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டியதைத்தான் மட்டமாகச் சொன்னார்கள். ஒருவர் தறியை, ஒருவர் பேஸை. இது எனக்கு ஸ்குரூ டிரைவரால் தெரிந்திருக்காது. அதனால் இப்போது யார் பேஸைக் கொண்டுவந்தாலும் ஸ்குரூவைத் தொடுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: நான் சொல்கிற விலைக்கு நீங்கள் கொடுத்துவிடுவீர்களா? அதே விலைக்கு வாங்கிக்கொள்வீர்களா? இரண்டுக்கும் ஆங் என்று சொல்கிறவருக்கு விலை சொல்வது சுலபம்.

போன வாரம் ஒருவர் போன் செய்தார். நண்பருடைய பேஸாம், ஜப்பான் சாமானாம், நண்பர் விற்கத் தயாராக இல்லையாம், சும்மா விலை தெரிந்துகொள்ளத்தானாம். நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், இரண்டு பேர் எதிரில் சொல்கிறேன் என்றேன்.

லைன் கட் ஆகிவிட்டது. இன்னும் கூப்பிடவில்லை.